ஒருவாட்டி சொல்லிடுங்க

இப்போதெல்லாம் வரி அலுவலகத்து உத்தரவு போனில் வந்து விழுகிறது. ஒரு சின்ன மணிச் சத்தம், அவ்வளவுதான். என்றைக்கு வந்தது, யார் கையில் வந்தது என்ற சண்டைக்கெல்லாம் அதிகம் இடமில்லை, இயந்திரமே தேதி போட்டுவிடுகிறது. இருந்தும் அந்த மணி அடித்தால் நான் முதலில் நிமிர்ந்து வாசலைத்தான் பார்க்கிறேன். அங்கே யாரும் நிற்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் போனைத் தொடுவேன். பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாசலில் நின்றவரின் பெயரை நான் கேட்டதில்லை. கள்ளக்குறிச்சியில் எங்களுக்கெல்லாம் அவர் நோட்டீஸ்காரர். வரி அலுவலகத்தின் உத்தரவுகளை வியாபாரிகளிடம் கொண்டுபோய்க் கொடுத்து, கையெழுத்தோ ரேகையோ வாங்கி வருவது அவர் வேலை. நான் அப்போது ஒரு வரி ஆலோசகரிடம் மனுக்கள் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு மெலிந்த உடம்பு, வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு ரெக்சின் பை. பைக்குள் உத்தரவுகள், தகர டப்பாவில் நீல மை, தேங்காய் எண்ணெய் நனைத்த ஒரு பழைய துணி. ரேகை வாங்கினால் அந்தத் துணியால் அவரே கட்டைவிரலைத் துடைத்துவிடுவார். நகக்கண்வரைக்கும் விடமாட்டார். அரசாங்கத்தில் வேலை பார்க்கிற யாரும் நமக்கு இத்தனை மரியாதை செய்து நான் பார்த்ததில்லை.

அவர் வருவது யாருக்கும் கேட்காது. செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு வருவார். நான் தலை குனிந்து டைப் அடித்துக்கொண்டிருப்பேன், வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாற்போல் தோன்றும், நிமிர்ந்தால் நிற்பார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று கேட்டால், "இப்பதான்மா" என்பார். ஒருநாள் அவருக்குப் பின்னால் வந்த தபால்காரர் சொன்னார், முக்கால் மணி நேரமாக நிற்கிறாராம்.

"மேசை மேல வெச்சிட்டுப் போங்கண்ணே" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். வைக்க மாட்டார். நான் கையைத் துடைத்து நீட்ட வேண்டும். உள்ளங்கையில் காகிதத்தை வைத்துவிட்டு, விடாமல் அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே சொல்வார்.

"வாங்கிக்கினேன்னு ஒருவாட்டி சொல்லிடுங்க."

"கையெழுத்துதான் போடப்போறேனே, அது பத்தாதா?"

"கையெழுத்து ஆபீசுக்குமா. இது எனக்கு."

"சொல்ல மாட்டேன்னா?"

"அப்ப நானும் போவ மாட்டேன்."

சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை. நான் வாங்கிக்கினேன் என்றேன். பிடி தளர்ந்தது.

சட்டத்தில் இப்படி ஒரு விதி கிடையாது. எங்கள் சார் புத்தகத்தையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவருக்கு மட்டும் தனிச் சட்டம்" என்று முடித்துவிட்டார். வேறு ஆட்கள் பக்கத்து வீட்டில் கொடுப்பார்கள், கடைப் பையனிடம் திணிப்பார்கள், ஆள் இல்லாவிட்டால் கதவில் ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இவர் காத்திருப்பார். தியாகதுருகத்தில் ஒரு அரிசி மில் முதலாளி இவரைக் கண்டதும் பின்கட்டுக்குள் போய்விட்டார். இவர் மில்லுக்கு எதிரே தவிட்டு மூட்டையில் உட்கார்ந்தார். காலையில் உட்கார்ந்தவர். வீட்டம்மா அனுப்பிய டீ ஆறி ஆடை கட்டிக் கிடந்தது. நாலு மணிக்கு முதலாளி தானாகவே வெளியே வந்து கையை நீட்டினார். பிறகு எங்கள் சாரிடம் வந்து புலம்பினார்.

"அந்தாளு ஒரு வார்த்த பேசல சார். ஆனா செவுத்துக்கு அந்தாண்டருந்து என்னையே பாத்துகினு இருக்கிற மாரியே இருந்துச்சு. வூட்ல யாருக்கும் சோறு எறங்கல."

கல்வராயன் மலையில் கடை வைத்திருந்த, எங்கள் சாரின் கட்சிக்காரர் ஒருவரும் அப்படித்தான் சொன்னார். அவர் கடையை மூடிவிட்டு, வெள்ளிமலையிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி மச்சான் நிலத்துக்குப் போய்விட்டிருந்தார். பஸ் போகாத இடம்.

"நாங்க நாலு பேரு சாமை அறுத்துகினு இருந்தோம். தண்ணி குடிக்க நிமுந்தா அஞ்சு பேரு நிக்கிறோம். எந்தப் பக்கத்துலருந்து வந்தாருன்னு ஒருத்தருக்கும் தெரியல. நாயி கொலைக்கவே இல்ல. என் தங்கச்சி அரிவாள கீழ போட்டுட்டு கும்பிட்டுடுச்சு."

அதிலிருந்து அந்தப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு யார் ஏறி வந்தாலும் பெண்கள் முதலில் கையைத்தான் துடைத்துக்கொள்வார்களாம். மலைக்காரர்கள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள் என்று நான் அப்போது கேலி பேசினேன்.

ஏன் இப்படி என்பதை அவரே ஒருமுறை சொன்னார். கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். நான் கேட்காமலேயே, திரும்பிப் பார்க்காமலேயே பேச ஆரம்பித்தார்.

"வேலைக்குச் சேந்த புதுசுமா. அணைக்கட்டுக்கு இந்தாண்ட ஒரு வூடு. கூப்ட்டேன், பதில் இல்ல. கதவுல ஒட்டிட்டு, ரெண்டு சாட்சி கையெழுத்து வாங்கிகினு வந்துட்டேன். ரெண்டு நாள் கழிச்சு நாத்தம் வருதுன்னு கதவ ஒடச்சிருக்காங்க. அந்தாளு கதவாண்டயே, கதவுல சாஞ்ச வாக்குல உக்காந்து கெடந்தாரு. நான் ஒட்றப்ப அந்தாண்ட உசிரோட இருந்தாரா இன்னான்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது. நடுவுல ஒரு பலகதான். ஆபீஸ் பேப்பர்ல குடுத்தாச்சுன்னு இருக்குது."

நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் இறங்கினேன்.

இவரோடு நான் மோத வேண்டிவந்தது கச்சிராயபாளையத்து மல்லிகாவால். அவள் அப்பா மலையிலிருந்து இறங்கும் கடுக்காயும் புளியும் வாங்கி விற்கிற மண்டிக்காரர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்து, இரண்டு மாதம் கட்டிலில் கிடந்து, ஒரு வியாழக்கிழமை பகலில் இறந்துபோனார். இறந்தவரைக் குளிப்பாட்டிய பெண்கள் அவருடைய இடது கட்டைவிரலில் நீல மை இருப்பதைப் பார்த்துவிட்டார்கள். சாவு வீட்டில் மை தடவிய விரல் என்றால் எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான். யாரோ பத்திரத்தில் ரேகை உருட்டிவிட்டார்கள். அன்றைக்கு வீட்டில் இருந்தவள் மல்லிகா ஒருத்திதான். கொள்ளி வைத்த கையோடு அவள் அண்ணன், "எங்க வெச்சிருக்கிற பத்திரத்த?" என்று கேட்டான். அவள் என்ன பத்திரம் என்றாள். பதினாறாம் நாளுக்குப் பிறகு அவன் அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

இரண்டு மாதம் கழித்து மண்டியின் ஷட்டரில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டப்பட்டது. ஒட்டியது வேறு ஆள். பழைய கணக்கில் அவள் அப்பா பெயரில் பெரிய வரி போட்டிருந்தார்கள். மண்டியும் கிடங்கும் போனால் மல்லிகாவுக்கு வேறு பிழைப்பு இல்லை. வரியே தப்பு, மேல்முறையீட்டில் நிற்காது என்று எங்கள் சார் பார்த்ததுமே சொன்னார். ஆனால் மேல்முறையீடு போட முடியுமா என்பதுதான் கேள்வி. உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து முப்பது நாள். தக்க காரணம் சொன்னால் இன்னொரு முப்பது. அறுபத்தோராம் நாள் கடவுளே மனுவை எழுதிக்கொண்டு வந்தாலும் வாங்க மாட்டார்கள்.

"எந்த உத்தரவும் எங்க கைக்கு வரலக்கா" என்று மல்லிகா தலையில் அடித்துச் சொன்னாள். அலுவலகத்தில் நகல் வாங்கி ஒன்பதாம் நாள் மனு போட்டோம். வரி அலுவலகம் பதில் அனுப்பியது. அந்த வியாழக்கிழமையே வியாபாரியிடம் நேரில் கொடுக்கப்பட்டது, இடது பெருவிரல் ரேகை பெறப்பட்டது, ஆகவே மனு எழுபத்து நான்காம் நாளில் வந்திருக்கிறது, தள்ளுபடி செய்க. கூடவே ரேகையின் நகல்.

நான் அந்த ரேகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மல்லிகா எட்டிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் அவளைத் திருடி ஆக்கிய மை அது. அவள் அண்ணனை வரச்சொல்லிக் காட்டினோம். அவன் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், வெளியே போய் அவளுக்கு ஒரு சோடா வாங்கிவந்தான்.

நடந்ததைக் கூட்டிப் பார்த்தால் இவ்வளவுதான். பதினோரு மணிக்கு மல்லிகா பின்னால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கிறாள். கால் மணி நேரம் ஆகியிருக்கலாம். திரும்பி வந்தபோது அப்பா போய்விட்டிருந்தார். அந்தக் கால் மணிக்குள் நோட்டீஸ்காரர் வந்து போயிருக்கிறார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அவர் வைத்த காகிதம் கட்டிலில் விரித்திருந்த பாய்க்கு அடியில் நழுவியிருக்க வேண்டும். செத்தவர் கிடந்த பாயை வீட்டில் வைப்பார்களா? அப்படியே சுருட்டிச் சுடுகாட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள்.

ஆக எல்லாம் ஒரே இடத்தில் வந்து நின்றது. ரேகை உருட்டியபோது அந்த மனிதருக்கு உயிர் இருந்ததா? இருந்தது என்றால் மனு காலம் கடந்தது, மண்டி போய்விடும். இல்லை என்றால் உத்தரவு யாருக்கும் கொடுக்கப்படவே இல்லை, மனு நேரத்துக்கு வந்தது.

நான் வரி அலுவலகத்துக்குப் போய் அவரைத் தேடினேன். பின்பக்கம் வேப்பமரத்தடியில் துணியை அலசிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அன்னிக்கு அவரு உசுரோட இருந்தாரா?"

"இருந்தாருமா."

"எப்பிடித் தெரியும்? கண்ணத் தொறந்தாரா?"

"கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. கையில வெச்சேன். வாங்கிக்கினேன்னு சொல்லுங்கன்னேன். சொன்னாரு."

"சொன்னாரா?"

"சொல்லாம நான் வருவனா? உனுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். அதுதான் பிரச்சினை. அந்த மனிதர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் இன்னொன்றும் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிச் சீட்டு என் பையிலேயே இருந்தது. பக்கவாதம் வந்த நாளிலிருந்து மண்டிக்காரருக்குப் பேச்சு இல்லை. ஒரு வார்த்தை இல்லை. தாகம் என்றால் இடது கையால் சொம்பைத் தட்டுவார் என்று மல்லிகா சொல்லியிருக்கிறாள்.

வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எனக்கு முன்கை மயிர் எழுந்து நின்றது. மண்டிக்காரருக்குப் பேச்சு இல்லை என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமல் வந்து, எங்கள் சாருக்கு ஒரு துண்டுச் சீட்டில் ஒரே ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்தேன். அது என் வாழ்க்கையில் நான் செய்த கெட்டிக்காரத்தனமான வேலை. நினைத்தால் இன்றைக்கும் வாய் கசக்கிறது.

விசாரணை வேறு ஊரில். மேல்முறையீட்டு அதிகாரி நோட்டீஸ்காரரை வரவழைத்திருந்தார். வெள்ளைச் சட்டை அன்றைக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக இருந்தது. அதிகாரி அவரை உட்காரச் சொன்னார், அவர் உட்காரவில்லை. சார் எழுந்து என் துண்டுச் சீட்டைப் பார்த்துக் கேட்டார்.

"கொடுத்தப்போ அவர் ஏதாவது சொன்னாரா?"

"சொன்னாருங்க."

"என்ன சொன்னார்?"

"வாங்கிக்கினேன்னு சொன்னாருங்க."

"வாயால?"

"வாயாலதாங்க."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"அது இல்லாம நான் எந்த வூட்ட வுட்டும் எழுந்ததில்லீங்க."

சார் ஆஸ்பத்திரிச் சீட்டை மேசைமேல் வைத்தார். அதிகாரி படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி படித்தார். "பெரியவரே, அவருக்கு ரெண்டு மாசமா பேச்சே கிடையாது" என்றார். நோட்டீஸ்காரர் அதிகாரியைப் பார்க்கவில்லை, சாரைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தார். கோபம் இல்லை அதில். நான் கையில் எதையோ வாங்கிக்கொண்டு சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருப்பதுபோல், காத்திருந்து பார்த்தார்.

நாங்கள் ஜெயித்தோம். கொடுத்தவரின் கூற்று நம்பத்தக்கதாக இல்லை, உத்தரவு முறைப்படி கொடுக்கப்பட்டதாகக் கொள்ள முடியாது, மனு காலத்துக்குள் வந்ததாக ஏற்கப்படுகிறது. எங்கள் வாதத்தைத் தட்டச்சு செய்தவள் நான். 'பேசும் திறன் அற்றவர் பேசியதாகக் கூறுவது கற்பனையே' என்று நான் அடித்த வரி, உத்தரவிலும் அப்படியே வந்திருந்தது. நோட்டீஸ்காரரை அவர் அலுவலகத்தில் பிணத்தைப் பேசவைத்த ஆள் என்று கிண்டல் செய்தார்களாம்.

அந்த உத்தரவை மல்லிகாவிடம் கொடுக்க வேண்டும். அந்த வட்டாரத்துக்குக் கொடுக்கிற ஆள் அவர்தான். தான் நம்பத்தக்கவர் இல்லை என்று எழுதியிருக்கிற காகிதத்தை அவரே கொண்டுவந்து கொடுக்க வேண்டும். நான் அன்றைக்கு ஏதோ கையெழுத்துக்காக மண்டிக்குப் போயிருந்தேன். கடுக்காய் மூட்டைகளுக்கு நடுவில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். மல்லிகா பேச்சை நிறுத்தினாள். வாசலில் வெளிச்சம் கொஞ்சம் குறைந்திருந்தது.

அவர் அவளிடம் வந்தார். காகிதத்தை உள்ளங்கையில் வைத்தார். மறுமுனையைப் பிடித்திருந்தார்.

"வாங்கிக்கினேன்னு ஒருவாட்டி சொல்லிடுங்கம்மா."

மல்லிகா சொல்லவில்லை. அவள் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"எங்கப்பா எப்பிடிச் சொன்னாரு?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மல்லிகா, வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"மெதுவாத்தாம்மா" என்றார் அவர். "கொரலு கொஞ்சம் கரகரன்னு இருந்துச்சு. வாங்கிக்கினேன்னாரு. அப்பறம், குட்டி மாட்டாண்ட இருக்குது, குந்து, வந்துடும்னாரு."

"குட்டின்னா?"

"குட்டின்னுதான் சொன்னாரு. யாருன்னு எனக்குத் தெரியல. அங்க வாங்கினதப் பத்திதான் கேக்கறாங்கன்னு நெனச்சேன். இத யாரும் கேக்கல."

மல்லிகாவுக்கு நாற்பது வயது. சின்ன வயதில் அப்பா அவளை அப்படித்தான் கூப்பிடுவார் என்று பிறகு சொன்னாள். அவளுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரும் மல்லிகா என்றே கூப்பிட்டிருக்கிறார்.

"எல்லாருக்கும் வெரலத் தொடச்சு வுடுவீங்களாமே" என்றாள். "எங்கப்பாவுக்கு ஏன் தொடைக்கல? அந்த மையால நான் பட்டது உங்களுக்குத் தெரியுமா?"

அவர் முதல்முறையாகத் தலையைக் குனிந்தார்.

"தொடைக்கலாம்னு கையப் புடிச்சேன். ரேக உருட்டறப்ப மை மேலயே கவனம், தெரியல. அப்பதான் தெரிஞ்சுது. ஜில்லுனு வெறச்சுப்போயி இருந்துச்சு. எழுந்து வந்துட்டேன்மா. வெளிய வந்து செருப்பக்கூட போடல."

"அத ஏண்ணே அங்க சொல்லல?" என்றேன். என் குரல் எனக்கே கிறீச்சென்று கேட்டது. அதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாரும் இவரைப் பொய்யர் ஆக்கியிருக்க வேண்டியதில்லை.

"நீதானம்மா கேள்வி எழுதிக் குடுத்த" என்றார். "கை எப்பிடி இருந்துச்சுன்னு நீ எழுதல."

மல்லிகா எங்கள் இருவரையும் கவனிக்கவில்லை. கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டு, தெளிவாக, கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

"வாங்கிக்கினேன்."

அவர் பிடியை விட்டார். கையெழுத்துக்காகப் பேனாவை எடுத்து நீட்டினார். அவள் பத்தாவது படித்தவள், அழகாகக் கையெழுத்துப் போடுவாள். பேனாவை வாங்கவில்லை. இடது கட்டைவிரலை நீட்டினாள். அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு தகர டப்பாவைத் திறந்து மை தடவி, ரேகை உருட்டி, பையிலிருந்து துணியை எடுத்தார். அவள் விரலைத் துடைக்க ஆரம்பித்தார். மை போன பிறகும் துடைத்தார். நகக்கண், விரலின் பின்பக்கம், மணிக்கட்டு. அவளும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நான் எழுந்து கடுக்காய் மூட்டைகளின் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அடுத்த மாதம் அவர் ஓய்வு பெற்றார். மலையடிவாரத்தில் எங்கோ மகள் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள், நான் போய்ப் பார்க்கவில்லை. மல்லிகா மண்டியை நடத்திக்கொண்டுதான் இருக்கிறாள். அந்தக் கோப்பு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அவள் அப்பா எதுவும் பேசவில்லை என்றுதான் அதில் இருக்கிறது.